அளக்காமல் எழுதிய கிணறு

ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமலே, பரிசோதித்ததாக எழுதினேன். எனக்குப் பெயர் வாங்கித் தந்த வரைபடத்தில்தான் அந்தப் பொய் இருந்தது.

நிலத்தடி நீர் ஆய்வுக்காக ஜீப்பில் அலைந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. கும்பகோணத்தில் காபி குடித்துவிட்டு, சாம்பிள் பாட்டில்கள் கலகலக்க, திருவிடைமருதூர் பக்கம் கிளம்புவோம். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவு கிணறுகளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் வேலை. எல்லாக் கிணற்றையும் பார்க்க முடியாது. சிலவற்றை அளந்து, இடையில் உள்ளவற்றைப் புள்ளியியல் கணக்கால் மதிப்பிடுவோம். அருகில் அளந்த கிணற்றுக்குக் கணக்கில் மதிப்பு அதிகம், தூரத்துக் கிணற்றுக்குக் குறைவு. அளந்த இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. மதிப்பிட்ட இடத்துக்கு வெற்று வட்டம்.

ஒரு நடவு சமயம். கூலித் தகராறு தொடங்கியிருந்தது. மோர் கொடுத்த பண்ணையார் சொன்னார்: "காலனிக்கு எதுக்கு சார் போறீங்க? கொடிய நட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. நம்ம கிணத்துல ஊறுற தண்ணிதான் அங்கயும் ஊறுது."

நான் போகவில்லை. அவர் கிணற்றையும் கோயில் கிணற்றையும் வைத்துக் கணக்குப் போட்டேன். நல்ல தண்ணீர் என்று வந்தது. வெற்று வட்டத்தைப் பார்த்த என் அதிகாரி, "மேப்புல எத்தனை ஓட்டைய்யா வைப்பே?" என்றார். வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். அங்கே தண்ணீர் நல்லது என்று இருந்ததால் காலனிக்குக் கிடைக்கவில்லை.

அறுவடையின்போது அஞ்சலை என்ற காலனிப் பெண் ஆபீசுக்கு வந்தார். "குழாய் கேட்டா, எங்க தண்ணிய எடுத்துப் பாத்தாச்சுன்னாங்க. எப்பங்க வந்து எடுத்தீங்க? யாரும் வந்து பாக்கலையே."

வரைபடத்தை விரித்து, நான் வைத்த கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

"எங்க கிணறு உப்புங்க. பண்ணை பம்புசெட்டுத் தண்ணியத்தான் குடிச்சோம். வேலைக்கு வரலைன்னு அதையும் பூட்டிட்டாருங்க. பழைய கூலிக்கு வந்தா தெறப்பாராம்."

அன்றே போய்ச் சாம்பிள் எடுத்தேன். நான் எழுதியதைவிடப் பல மடங்கு உப்பு. சாயக் கழிவு ஓடும் வாய்க்கால் காலனியின் பின்புறம்தான் போனது. நான் கணக்குக்கு எடுத்த இரண்டு கிணறுகளும் மேட்டில், வாய்க்காலை விட்டுத் தள்ளி இருந்தன. அளக்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டுக் கலெக்டருக்கே அனுப்பினேன். எனக்கு மாற்றல் வந்தது. அந்தக் காகிதம் நகர்வதற்குள் காலனி ஜனம் பழைய கூலிக்கே அறுக்க இறங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு காலனிக்கு ஆழ்குழாய் வந்தது. அதன்பிறகு என் வரைபடங்களில் வெற்று வட்டங்கள் அப்படியே இருந்தன. வேலைக்குப் புதிதாக வருபவர்களே, உங்களுடையதிலும் இருக்கட்டும்.

ஒருநாள் காலனிக்குப் போய்ப் பார்த்தேன். அஞ்சலை தண்ணீர் அடித்து ஒரு டம்ளரில் கொடுத்தார்.

"நல்லாருக்குங்களா?"

"நல்லாருக்கும்மா."

"இந்தத் தண்ணி அந்த அறுப்புக்கு முந்தி வந்திருக்கலாங்க" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.