வெளியே நின்று பூட்டும் கதவு

வெர்னா ஸ்டோல்ட்ஸுக்கு வாய் அதிகம் என்று லார்க்ஸ்பர் ஊரே சொல்லும். எங்கள் தொடக்கப் பள்ளியின் முன்னலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்த அப்பனை நீதிமன்றம் பிள்ளையைப் பார்க்கக் கூடாதென்று தடுத்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நவம்பர் வந்தால் கணவனோடு மான் வேட்டைக்குப் போவாள். துப்பாக்கி என்றாலே அலறுகிற ஆள் இல்லை.

நான் அதே பள்ளியில் கதவு, குழாய், கொதிகலன் எல்லாவற்றையும் பழுது பார்க்கிறவன். என் பெயர் ஓடெல். எங்கள் வகுப்பறைக் கதவுகளின் லட்சணம் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. சாவித் துவாரம் நடைவழிப் பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்ளே இருப்பவர் கதவைப் பூட்ட வேண்டுமென்றால் வெளியே வந்து பூட்ட வேண்டும்; பிறகு சாவியால் திறந்து உள்ளே போய்ச் சாத்தினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் ஒத்திகை நடந்தது. துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளை விளக்கணைத்து மூலையில் ஒளியவைக்கும் ஒத்திகை. அது முடிந்ததும் வெர்னா என்னிடம் வந்தாள்.

"ஏன் ஓடெல், டீச்சர் பூட்டுறதுக்கு வெளிய வரணும்னா, வர்றவன் 'நீங்க பூட்டிக்குங்க மேடம், நான் காத்திருக்கேன்'னு நிப்பானா?"

அன்றே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. வருடம் தவறாமல் எழுதினாள். வருடம் தவறாமல் அதே பதில்.

ஏழாவது பதில் வந்த வருடம், மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. முன்வாசல் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். எங்கள் ஊர்க்காரன்தான். அவன் பெயரை நான் சொல்வதில்லை. வெர்னா மேசைக்கடியில் படுத்தபடியே ஒலிபெருக்கியில் கத்தினாள்: "பூட்டுங்க! எல்லாரும் பூட்டுங்க!"

இரண்டாம் வகுப்பு ஆசிரியை கொரின் அபெட் சாவியோடு நடைவழிக்கு வந்தாள். பூட்டினாள். இருபத்திரண்டு பிள்ளைகள் உள்ளே, அவள் வெளியே. மீண்டும் திறந்து உள்ளே போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. போலீஸ் வந்து அவனை மடக்கியபோது, சாவி இன்னும் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டச் சொல்லிக் கத்தியது தன் குரல்தான் என்பதை வெர்னாவால் ஜீரணிக்க முடியவில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல்.

கொரினின் அடக்கத்துக்குக் கறுப்புக் கார்களில் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பிரார்த்தனை செய்தார்கள். பள்ளிப் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்கும் மசோதா ஒன்று கொரின் பெயரில் வந்தது. அதற்காக வெர்னா மூன்று முறை மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்குக் கார் ஓட்டிப் போய் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னாள். அவள் பேசும்போது ஒரு உறுப்பினர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

"அதுல என்ன சார் இருக்கு? எனக்கும் காட்டுங்க, நானும் சிரிக்கிறேன்" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு வருடம் இழுத்து மசோதா சட்டமானது. எங்கள் மாவட்டத்துக்கும் நிதி வந்தது. பூட்டு வரும் என்று நான் கதவுகளை எண்ணி நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தேன். வந்தது கேமரா. மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் கிரேஞ்சரின் அறையில் சுவரை அடைக்கும் திரை. 'விழிப்புணர்வு' பாடம் எடுக்க சூட் போட்ட இரண்டு ஆலோசகர்கள். பூட்டு இரண்டாம் கட்டத்தில், என்றார் கிரேஞ்சர்.

வெர்னா என் கருவி அறைக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"திருப்புளிய எடு."

"எதுக்கு?"

"கொரின் ரூம் பூட்டு எனக்கு வேணும். நீ கழட்டுறியா, நான் சுத்தியலால கழட்டட்டுமா?"

கழற்றிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பள்ளி வாரியக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்னா எழுந்து போய் அந்தப் பூட்டை கிரேஞ்சரின் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"உள்ள நின்னு பூட்டிக் காட்டுங்க."

"வெர்னா, இது பள்ளிச் சொத்து. இதைக் கழட்டுனது..."

"சொத்தா? கொரின் யாரோட சொத்து? உங்க திரையில அவ சாகுறது இன்னும் தெளிவாத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதானே?"

"கொஞ்சம் நிதானமாப் பேசுங்க."

"ஏழு கடிதம் நிதானமாத்தான் எழுதினேன்."

மணி அடித்தது. நேரம் முடிந்தது என்றார் தலைவர். வெர்னா நகரவில்லை. பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, "என் மூணு நிமிஷத்தையும் அவங்களுக்குக் குடுக்கிறேன்" என்றான். அடுத்து ஒரு தாய். பிறகு யார் யாரென்று எண்ண முடியவில்லை. ஐம்பது நிமிடம் பேசினாள். அழவில்லை. பெயர் சொல்லி, தேதி சொல்லி, ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தாள். கிரேஞ்சர் கடைசிவரை அந்தப் பூட்டைத் தொடவில்லை.

ஆகஸ்டில் பூட்டுகள் வந்தன. நாற்பத்தொன்றையும் நானே பொருத்தினேன், உள்ளிருந்தே விரலால் திருப்பிப் பூட்டுகிற வகை. பள்ளிச் சொத்தைக் கழற்றியதற்காக எனக்கு இரண்டு வாரம் சம்பளமில்லை. வெர்னாவைப் பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் முகம் பார்க்காத வேலை. புதுப் பூட்டுகளுக்கு வைத்த திறப்பு விழாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் வந்து கதவோடு படம் எடுத்துக்கொண்டார். வெர்னாவுக்கு அழைப்பில்லை.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அன்று மாலை கொட்டகைக்குப் போனேன். டீசல் நாற்றத்தில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் கதவும் முடிஞ்சுது வெர்னா."

"முடிஞ்சுதா?" நிமிர்ந்து பார்த்தாள். "அவன் எப்படித் துப்பாக்கி வாங்கினான்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி இருக்கா? நான் நாலு தடவ படிச்சுட்டேன். இல்ல. பக்கத்து மாவட்டத்துல பதினாலு பள்ளிக்கூடம், இன்னும் அதே பழைய பூட்டு. போ, போய்க் கை கழுவு. நாளைக்கு அங்க கூட்டம், நீ வண்டி ஓட்டுற."