ஆணியில் தொங்கிய எண்கள்

என் சாவிக்கொத்தில் சாவி அல்லாத பொருள் ஒன்று தொங்குகிறது. கட்டைவிரல் நீளத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். முன்பெல்லாம் அந்த ஜன்னலில் ஆறு எண்கள் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவை போய், வேறு ஆறு எண்கள் வந்து நிற்கும். இப்போது ஒன்றும் தெரிவதில்லை. டெல்லி ஜனக்புரி வீட்டில் என்னோடு இருக்கும் மகள், "இந்தக் குப்பையத் தூக்கிப் போடும்மா, எதத் திறக்கப் போறே இத வச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எதைத் திறக்கும் என்று எனக்கும் தெரியாது. அது உயிரோடு இருந்த காலத்திலேயே எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் போனவரை நினைக்கும்போது வருவது பெருமையா, வருத்தமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரர் டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் டிரைவராக இருந்தார். அவர் தவறிப்போன பிறகு அதே ஆபீசில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகாமல் நின்றது. என் வேலை சாவி. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அறைகளைத் திறக்க வேண்டும், மாலையில் எல்லோரும் போன பிறகு பூட்ட வேண்டும். என் ஸ்டூலுக்குப் பின்னால் சுவரில் ஒரு பச்சைப் பலகையும் அதில் வரிசையாக ஆணிகளும் இருந்தன. எந்த ஆணியில் எந்தச் சாவி என்று எழுதி ஒட்டியிருக்காது. எனக்கு அது வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால் கேட்ட சாவி விரலில் மாட்டும். அலமாரிச் சாவி, மேஜைச் சாவி மட்டுமல்ல, வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவிகூட ஆபீசர்கள் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். 'அம்மாஜி கே பாஸ் ஹை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அம்மாஜியிடம் இருக்கிறது என்றால் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சு இல்லை. நான் ஸ்டூலில் உட்காருகிறவள்தான். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் அந்த ஆபீஸ் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் போன பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள சிஸ்டம் மேடம் வந்தார். நாகர்கோவில் பெண். மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் சேலை. ஒப்பந்த வேலைதான். வருஷா வருஷம் மேலே இருக்கிறவர்கள் மனசு வைத்துப் புதுப்பித்தால்தான் உண்டு. அவர் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் அப்பாவின் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் அவர் எனக்கு மேடம். தனியாக இருக்கும்போது நான் தாயி என்பேன், அவர் அக்கா என்பார்.

அவருடைய அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும். மே மாத வெயிலில் ஆபீசர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். உள்ளே இரும்பு அலமாரி போன்ற ஒன்றில் தட்டையான பெட்டிகள் அடுக்கியிருக்கும். பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பெருக்கப் போனபோது, இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று கேட்டேன். "வீட்டுல இருந்துக்கிட்டே ஆபீசர்மார் ஆபீசுக்குள்ள வரணும்லா அக்கா? அதுக்கு வாசல் இதாக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "வாசல் சாவி என்கிட்டல்ல தாயி இருக்கு? நான் திறக்காம எப்படி வருவாக?" என்றேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சாம்பல் நிறப் பொருளைக் காட்டி, "இது அவங்களுக்கான சாவி" என்றார். டோக்கன் என்று அதற்குப் பெயர். இதில் ஓடுகிற எண்ணை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் பெட்டி உள்ளே விடுமாம். இந்த எண்ணைப் பெட்டிக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டேன். "யாரும் சொல்ல வேண்டாம். ரெண்டும் பேசிக்கிறதே இல்ல. ரெண்டுக்கும் ஒரே கணக்குத் தெரியும், தனித்தனியா இருந்து போட்டாலும் ஒரே விடை வருமாக்கும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பெருக்கினேன். புரியவில்லை. பேசாமல் ஒரே விடைக்கு வருவது என்பது இருபது வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கும் என் வீட்டுக்காரருக்குமே வாய்த்ததில்லை.

அவர் இன்னொன்றும் செய்வார். பெரிய ஆபீசர்களுக்கு ஆபீசிலிருந்து போன் கொடுத்திருந்தார்கள், அரிசி அரிசியாகப் பொத்தான் வைத்த போன். அது தொலைந்தால் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவார். டைரக்டருக்கு அடுத்த இடத்தில் இருந்த டெபுடி சாஹிப் ஒரு தடவை மார்க்கெட் வாசலில் ஆட்டோவில் போனை விட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஜல்தி கீஜியே மேடம், ஜல்தி!" என்று அவசரப்படுத்திக் குதித்தார். மேடம் எதையோ தட்டினார், முடிந்தது. மறுநாள்தான் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் எண்களும் அதில் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. ஆபீஸ் கடிதம் மட்டும் அழியும், சொந்தக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார் போல. அன்றிலிருந்து அவருக்கு மேடத்தின்மேல் முறைப்புத்தான். நான் மேடத்திடம், அதெல்லாம் இப்போது எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். "எங்கயும் போகல அக்கா. இல்லாமப் போச்சு" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு பொருள் எங்கேயும் போகாமல் எப்படி இல்லாமல் போகும்?

டோக்கன் கொடுத்த கொஞ்ச நாளிலேயே ஆபீசர்கள் ஒவ்வொருவராக என் ஸ்டூலுக்கு வந்தார்கள். "அம்மாஜி, யே பீ டாங் தீஜியே" என்று நீட்டினார்கள், இதையும் மாட்டிவிடுங்கள் என்று. சாவி என்றால் பலகைக்குத்தானே வர வேண்டும்? அதற்கென்று கீழ் வரிசையில் புது ஆணி அடித்தேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமென்றால் என் பக்கத்தில் இருக்கும் போனுக்குக் கூப்பிடுவார்கள். நான் அவரவர் டோக்கனை எடுத்து எண்களை ஹிந்தியில் படித்துச் சொல்வேன். பாதியில் மாறிவிட்டால், "ருக்கியே சாஹிப், புதுசு வந்துருச்சு" என்று நிறுத்திவைத்து மறுபடி சொல்வேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, எண் வரும். பஸ் நம்பர், வீட்டு நம்பர், ரேஷன் எடை என்று டெல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. பெரிய படிப்புப் படித்த சாஹிப்கள் நான் எண் சொன்னால்தான் உள்ளே வர முடியும் என்பதில் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது, அதை மறைப்பானேன்? இதை மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. குளிர் அறையை விட்டு அவர் என் பக்கம் வருவது குறைவு. வந்தாலும் கீழ் வரிசையை என் முதுகு மறைத்திருக்கும்.

அது குளிர்காலம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மொத்தமும் புல்வெளியில் வெயில் காயப் போய்விடும். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஆண்கள் கடலை உடைப்பார்கள், ஆரஞ்சுத் தோல் வாசனை மாடி வரை வரும். அந்த நேரத்தில் சாவியை விட்டு நான் அசைய மாட்டேன். போன் அடித்தது. டெபுடி சாஹிப் குரல். ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, ஆனால் அவர் குரல்தான். எண் கேட்டார், சொன்னேன். "ஷுக்ரியா அம்மாஜி" என்றார். அவர் அதற்கு முன்னால் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ஆபீஸ் ஒரு மாதிரி இருந்தது. டெண்டர் காகிதங்களை வெளியிலிருந்து யாரோ உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார்கள். டெபுடி சாஹிப் பெயரில்தான் வந்திருக்கிறார்கள் என்று மேடத்தின் பெட்டி சொன்னது. டெபுடி சாஹிப்போ அந்த நேரம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் இருந்ததாகச் சொன்னார். மேடம் விசாரித்துக்கொண்டே என் ஸ்டூலுக்கு வந்தார். நான் நகர்ந்து ஆணி வரிசையைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு டோக்கனாகத் தொட்டுப் பார்த்தார். "எண் மட்டும் போதாதே அக்கா, கூட ஒரு ரகசிய எண்ணும் போடணுமே" என்றார். அது சாஹிப்பின் கார் நம்பர் என்று சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்ததுதான், கார் வாசலில்தானே நிற்கிறது? மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டது அவருதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குரல் தெரியாதா தாயி? எத்தன வருசமாக் கேக்குறேன்!"

"குரலு சாவி இல்லக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. என் பலகையிலிருந்து எதுவும் தொலைந்ததில்லை. டோக்கன் ஆணியில் அப்படியே இருக்கிறது. இருக்கிற பொருளை வைத்துக்கொண்டு திருடு போய்விட்டது என்றால் யாருக்குப் புரியும்?

அடுத்த நாள் காலையில் கீழ் வரிசை ஆணிகள் காலியாக இருந்தன. சாஹிப்கள் ஒவ்வொருவராக, நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துத் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விசாரணைக்கு டைரக்டர் சாஹிப் அறைக்கு என்னைக் கூப்பிடும் முன்னால் டெபுடியின் பி.ஏ. வராந்தாவில் என்னை நிறுத்தினான். எல்லா ஆபீசர்களும் டோக்கன் தங்கள் பையிலேயே இருந்ததாகச் சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மேடம்தான் யாருக்கோ வழி விட்டிருக்க வேண்டும். ஒப்பந்த ஆள், நாளைக்கே அனுப்பிவிடலாம், யாருக்கும் தலைவலி இல்லை. "உங்களுக்கு ரிட்டையர் ஆகிற நேரம் அம்மாஜி. குவார்ட்டர் இருக்கு, பென்ஷன் இருக்கு. எனக்குப் படிக்கவே தெரியாது, எந்த நம்பரும் நான் சொல்லலைன்னு சொல்லிடுங்க. உங்களை அதுக்குமேல யார் கேட்கப் போறாங்க?" என்று ஹிந்தியில் இனிப்பாகச் சொன்னான். நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னான்.

உள்ளே ஹீட்டர் ஓடியது. சாஹிப்கள் சோபாவில் இருந்தார்கள். மேடம் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், கையில் தன்னுடைய டோக்கனை இறுக்கிப் பிடித்தபடி. டைரக்டர் சாஹிப் குழந்தையிடம் கேட்கிற மாதிரி, "அம்மாஜி, பட்னா ஆதா ஹை?" என்றார். படிக்கத் தெரியுமா என்று. டெபுடி சாஹிப் எனக்குப் பதிலாகச் சிரித்தார். "இவளுக்கா?" என்கிற சிரிப்பு.

என்ன நினைத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பென்ஷனை நினைக்கவில்லை. மேடத்தின் அப்பாவையும் நினைக்கவில்லை, அதுதான் உண்மை. அந்தச் சிரிப்புத்தான் காதில் இருந்தது. நேராகப் போய் மேடத்தின் கையைப் பிரித்து, டோக்கனை எடுத்து, ஆறு எண்ணையும் உரக்கப் படித்தேன். படித்து முடிக்கும்போது அது மாறியது. மாறியதையும் படித்தேன். "எழுத்து வராது சாஹிப், நம்பர் வரும். இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் நான்தான் படிச்சுச் சொன்னேன். போன வாரம் உங்களுக்கும் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்று டைரக்டரைப் பார்த்தே கேட்டேன்.

வெளியே வந்ததும் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக உங்க பென்ஷனையே வச்சு ஆடிட்டீங்களே அக்கா" என்றார். "உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னான் அந்தப் பி.ஏ." என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

விசாரணை அதோடு படுத்துவிட்டது. டைரக்டர் பெயரும் அதில் வந்துவிட்டதே! மேடத்தின் ஒப்பந்தத்தை அந்த வருஷம் புதுப்பித்தார்கள். என் பென்ஷனுக்கும் குறை வரவில்லை. ஆனால் பச்சைப் பலகையைக் கழற்றி, சாவிகளை வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் சுவரில் நின்றன. என் ஸ்டூலைத் தண்ணீர் கூலர் பக்கம் போட்டார்கள். நான் அவரைக் காப்பாற்றினேன் என்று சிலர் சொன்னார்கள். அவரால்தான் என் பலகை போயிற்று என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் உண்மை போலவும் இருந்தது, இரண்டும் இல்லாதது போலவும் இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. டெபுடி சாஹிப்பேதான், ஊர்வலம் என்று சொன்னது பொய் என்றார்கள். அவர் தம்பி குரலும் அப்படியே இருக்கும் என்றார்கள். அவர் மாலை போட்டுக்கொண்டு நல்லபடியாக ரிட்டையர் ஆனார்.

மேடம் அடுத்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று கூலருக்கு வந்து இதை என் கையில் வைத்தார். "எனக்குள்ளது அக்கா. பேட்டரி செத்துப் போச்சு, புதுசு கொடுத்துட்டாங்க. இது உங்க பலகைக்கு." பலகை இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. பெட்டியும் டோக்கனும் மாதிரி தனித்தனியாக இருந்து நாங்கள் ஒரே விடைக்கு வந்தோமா, அது தெரியாது.

இப்போது என் கையிலும் போன் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் அதில் ஆறு எண்கள் வருகின்றன. யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். போன வாரம் அவள் வேலைக்குப் போயிருந்தபோது ஒருவன் கூப்பிட்டான். பேங்கிலிருந்து பேசுகிறானாம். "மாதாஜி, நம்பர் வந்திருக்கும், படித்துச் சொல்லுங்கள்" என்று தேனாகக் கேட்டான். வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து, செத்துப்போன அந்த ஜன்னலைப் பார்த்தேன். "ருக்கியே பையா, பார்க்கிறேன்" என்று சொல்லி அவனைப் பேச விட்டேன். அன்றைக்குப் புல்வெளி வெயிலுக்குப் போகாமல் நான் கேட்ட குரலா இது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை போலவும் இருந்தது, அதே போலவும் இருந்தது. கடைசியில், "குச் நஹீ திக் ரஹா" என்றேன். ஒன்றும் தெரியவில்லை என்று. அவன் வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வைத்தான்.

ஒன்று மட்டும் நிச்சயம். அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை.