கழலாத ஆணி

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கருட சேவைக் கூட்டத்தில் தரைக்கடை போட்டிருந்தவனிடம் ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். எங்கள் வீட்டுத் தறியில்தான் அவரும் நெய்துகொண்டிருந்தார். அறுந்த இழையை முடிச்சுப் போட்டபின் வால் நறுக்கக் கத்தி அவசியம் என்றார். அதுவரை பல்லால் நறுக்கிக்கொண்டிருந்தவர்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற வயது. திரும்ப மாட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். அந்தக் கத்தியின் சூட்சுமம் முழுவதும் ஒரே ஓர் ஆணியில் இருந்தது. இரண்டு மரப்பிடிகளுக்கு நடுவே அலகு அந்த ஆணியில் சுழலும். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை அதை அழுத்திப் பிடிக்கும். திறந்தால் ‘டக்’கென்று நிற்கும். ஆணி தளர்ந்துவிட்டால் பட்டை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. அலகு, விழப்போகிற பல் மாதிரி ஆடும்.

மாமாவின் கத்தி வாராவாரம் ஆடியது. ஆடத் தொடங்கியதும் மாமா சோப்புப் போட்டு முகம் கழுவி, பவுடர் பூசி, தலையைப் படிய வாரிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறைக்குக் கிளம்புவார். கரியும் இரும்புத் தூளும் பறக்கிற இடத்துக்கு எதற்குப் பவுடர் என்று எனக்குத் தோன்றவில்லை. துணைக்கு என்னையும் கூட்டிப்போவார். தனியாகப் போனால் நன்றாக இராதாம்.

பட்டறைக்காரர் எங்கள் சனம்தான். நெசவை விட்டுவிட்டு, தறியில் ஊடிழை ஓட்டும் நாடாவுக்கு இரும்பு முனை போடுவது, பூட்டு ரிப்பேர் என்று உட்கார்ந்துவிட்டவர். சில்லறை வேலைகளை அவர் மகள் பார்ப்பாள்.

“மறுபடியும் கழண்டுக்கிச்சா?” என்பாள் அந்த அக்கா, தலை நிமிராமல்.

“ஆமா. ஆடிக்கினே இருக்குது.”

“ரொம்ப அழுத்திப் புடிக்கிறீங்களோ இன்னாவோ.”

“இல்லியே, பதமாத்தான் புடிக்கிறேன்.”

ஓர் ஆணியைப் பற்றி இப்படி அரைமணி நேரம் பேசுவார்கள். அப்புறம் சுத்தியலால் ஆணித்தலையில் இரண்டு தட்டு. பூவைத் தொடுகிற மாதிரி.

நானும் எத்தனையோ வாரம் பொறுத்துப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவன் எவ்வளவு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பான்? ஒருநாள் உலைக்குத் துருத்தி ஊதிக்கொண்டிருந்த பட்டறைக்காரரிடமே போய்விட்டேன்.

“பெரிப்பா, அக்கா போடுற ஆணி ஒரு வாரங்கூடத் தாங்க மாட்டேங்குது. எங்க வூட்டு வாசப்பூட்டு நீங்க பண்ணிக் குடுத்தது. எம்மா நாளாச்சு, இன்னும் கல்லு மாதிரி இருக்குது. கத்தியையும் நீங்களே பண்ணிடுங்க.”

துருத்தி நின்றது. “அந்தப் பூட்டும் அவதாம்பா பண்ணா” என்றார்.

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் மாமா முகத்துப் பவுடரைப் பார்த்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

“கொண்டாப்பா இங்க.” பழைய ஆணியை அறுத்து எறிந்தார். அலகின் இருபுறமும் காகிதம் போல மெல்லிய பித்தளை வாஷர் வைத்தார். எஃகு ஆணி இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி அடித்தார். “இது இனிமே கழலாது. நீ இதுக்காவ இங்க வர வேணாம்” என்று மாமாவிடம் நீட்டினார்.

வழியெல்லாம் மாமா கத்தியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார்.

“நல்லாக்கீதா மாமா?” என்றேன்.

“ரொம்ப நல்லாக்கீது. அந்த ஆணிய உன் வாயில அடிச்சிருக்கணும்.”

மறுநாளிலிருந்து மாமா கத்தியைச் சோதிக்க ஆரம்பித்தார். மண்ணெண்ணெய் டின் மூடியை அதனால் நெம்பினார். தேங்காய் மட்டையில் குத்தி முறுக்கினார். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். மாடியிலிருந்து தெருவில் எறிந்துவிட்டு ஓடிவந்து எடுத்துப் பார்த்தார். ‘டக்.’ ஆடவே இல்லை. கடைசியில் ஆட்டுக்கல்லின் மேல் வைத்துக் குழவியால் அடித்தார். மரப்பிடி பிளந்தது; ஆணி அசையவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் கத்தி தேறத் தேற எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அம்மா அடுப்படி வாசலில் நின்று குழவி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். போய் அப்பாவிடம் என்னவோ குசுகுசுத்தாள். வெள்ளிக்கிழமை, ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற எங்கள் வீட்டில் இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, சீப்பு வாழைப்பழம். அப்பா சட்டை போட்டிருந்தார்.

“எங்கேம்மா போறீங்க?”

“பட்டறைக்குடா. உங்க மாமன் கத்தி இன்னும் ஆடுதாமே.”

இது அபாண்டம். ஆட்டுக்கல் பக்கம் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு, “பாரும்மா, ஆடவே இல்ல, பாரும்மா!” என்று திறந்து மூடிக் காட்டிக்கொண்டே இரண்டு தெருவும் பின்னால் ஓடினேன். அம்மா திரும்பியே பார்க்கவில்லை. ஆணி அசையாத கத்திக்கு ரிப்பேர் கூலியாக ஒரு தட்டுப் பழமா என்று எனக்கு வயிறு எரிந்தது.