வாசலில் கழற்றிய சப்பாத்து

சப்பாத்து பொலிஷின் வாசம். மகள் தன் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் பூச டப்பியைத் திறக்கிறாள். நான் அடுப்படியில் நிற்கிறேன். அதற்குள் வாசம் வந்து என்னைப் பிடரியில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. எங்கே? உக்குவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு. தகரக் கூரை, புகை, ஈர விறகு. அவற்றுக்கு நடுவே, அங்கே யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கறுப்பு வாசம்.

சப்பாத்து இரவல். எங்கள் தோட்டத்து மருந்துக்காரரை எல்லோரும் டாக்டரையா என்றுதான் சொல்வோம். கண்டிக்குப் போய்விட்ட அவர் மகளின் சப்பாத்து அது. எனக்குப் பெரிது. நுனியில் இலவம் பஞ்சை அடைத்துக்கொண்டு லயத்து வாசலில் நடந்து பழகினேன். டக், டக், டக். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் கூடையை இறக்காமலே நின்று பார்ப்பார்கள்.

"அடியே, துரை குதிரை வாங்கியிருக்காருன்னு நெனச்சேன். நம்ம புள்ளதானா?"

"சிரிங்க சிரிங்க. நாளைக்கு டீச்சர் அம்மான்னு நீங்கதான் கும்புடப் போறீங்க" என்பாள் அம்மா. அவள் குரலில் பயமும் இருந்தது. பயத்தை மூடத்தான் அவ்வளவு சத்தம்.

விஷயம் இதுதான். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை நடத்தும் துரைமார் எல்லோரும் ஒருநாள் டவுனில் ஒரு மண்டபத்தில் கூடித் தங்கள் தோட்டத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைத் தெரிந்தெடுக்கப் போகிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மேசை. மேசை மேசையாகப் போய் நம்மை நாமே காட்ட வேண்டும். நான் கன்னியாஸ்திரிகளிடம் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். ஆனால் பிரஜாவுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? எனக்கு இருந்தது இந்த ஒரு கதவு. இது திறக்காவிட்டால் அம்மாவின் கூடை எனக்கு. கூடை கேவலமில்லை, அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது. ஆனாலும் அது வேண்டாம் என்று அதைச் சுமந்தவளே சொன்னாள்.

ஒத்திகைக்கு அப்பா துரையானார். கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வாயில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டார். அவர் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளின் தலையை ஒரே வீச்சில் சீவுகிற கை. துரையிடமிருந்து அவர் கற்ற இங்கிலீஷ் முழுவதும் ஏச்சு.

"குட் மோர்னிங், சேர்" என்றேன்.

"ப்ளடி ஃபூல்! கெட் அவுட்!" என்றார் அப்பா.

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்.

"அப்பா, அதில்ல. அங்க நாற்காலி போட்டிருப்பாங்களாம். 'சிட் டவுன்'னு சொல்லுங்க. நான் உட்கார்ந்து பழகணும்."

அப்பா குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அது எப்பிடிச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதே பாப்பா. இத்தன வருஷத்துல எந்தத் துரையும் என்னைய உக்காரச் சொன்னதில்ல."

அந்தப் பகுதியை நாங்கள் பழகவே இல்லை.

டாக்டரையா ஒரு புத்தி சொல்லி அனுப்பினார். "அப்பா என்ன வேலைன்னு கேட்டா, 'தோட்டத்துல வேலை'ன்னு மட்டும் சொல்லும்மா. கிளாக்கர்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க." அப்பாவும் தலையாட்டினார். அதோடு நிற்கவில்லை. "நான் மண்டபத்துப் பக்கமே வரல. எதிர்த்தாப்புல நிக்கிறேன். என்னையக் கண்டா உன் காரியம் கெட்டுரும்." வெள்ளைச் சட்டை தோய்த்துப் போட்டிருந்தார். மகளுடன் நடக்காமல் இருப்பதற்காக ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டு நான் அன்றுதான் கண்டேன்.

உக்குவளை ஸ்டேசனில் கோச்சி ஏறினோம். மாத்தளையில் இறங்கியதும் அப்பா தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு சாப்பாட்டுக் கடையின் தாழ்வாரத்தில் நின்றார். நான் மண்டபத்துப் படியில் ஏறினேன். திறந்த கதவு வழியே மேசைகள் தெரிந்தன. மேசைகளுக்குப் பின்னால் துரைமார். ஒரு துரை இருந்தாலே எங்களுக்கு முதுகு வளையும். அங்கே வரிசையாகத் துரைகள். என் கை தானாகக் கீழே போனது. வாரை அவிழ்த்தது. சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அதை நான் செய்ததே எனக்குத் தெரியாது. துரை இருக்கும் இடத்துக்கு எங்கள் சனம் காலில் எதையும் போட்டுக்கொண்டு போனதில்லை. அவ்வளவுதான்.

முதல் மேசை. நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. சேர்ட்டிபிக்கேட்டைப் புரட்டினார் துரை. அப்பா என்ன வேலை?

"தோட்டத்துல வேலை, சேர்."

"கிளாக்கரா?"

பொய்யும் வாயில் வரவில்லை, உண்மையும் வரவில்லை. துரை ஒருகணம் பார்த்துவிட்டுச் சேர்ட்டிபிக்கேட்டைத் திருப்பிக் கொடுத்தார். நகர்ந்தேன். பக்கத்து வரிசையில் டை கட்டிய டவுன் பொடியன் ஒருவன் கூட்டாளியின் விலாவில் இடித்தான்.

"டேய், காலப் பாரு. லயத்துல இருந்து நேரா வந்திருக்கு."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வெறுங்கால். சீமெந்துக் குளிர் அப்போதுதான் ஏறிற்று. மண்டபத்தில் இருந்த அத்தனை காலிலும் சப்பாத்து, செருப்பு. என் காலில் மட்டும் மண் நிறம், வெடிப்பு, பழைய அட்டைக்கடித் தழும்புகள். ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வரலாம். வாசலுக்கு இரண்டு எட்டு எடுத்தும் வைத்தேன். பிறகு நின்றேன். எதை மறைக்கப் போகிறேன்? கால் ஏற்கனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே. இனி வாய் மட்டும் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்? சூடு ஒன்று பாதத்திலிருந்து கிளம்பி மேலே வந்தது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு சொல்கிறேன், அது வெட்கமே இல்லை.

மூலையில் ஒரு மேசைக்கு முன்னால் ஆளே இல்லை. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம். பகலிலும் பனிமூட்டம், பாதி வருஷம் மழை. அங்கே யார் போவார்கள்? அந்தத் துரை சிங்களவர், தலை நரைத்தவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசினார். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்:

"குட் மோர்னிங், சேர். எங்க அப்பா கவ்வாத்து வெட்டுறவர். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. நான் எஸ்.எஸ்.சி. பாஸ்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "சப்பாத்து எங்கே?"

"வாசல்ல சேர். தோட்டத்துப் பழக்கம்."

"எங்க தோட்டத்துக்கு வர்ற டீச்சர் எல்லாம் மழைக்கு முந்தி கீழ எறங்கிப் போயிருவாங்க. நீ?"

"எனக்கு மழை தெரியும், சேர். அட்டையும் தெரியும். மழைக்கு ஓடுற சனம் இல்ல நாங்க."

அவர் சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மீசை அசைந்தது. பிறகு, எங்கள் லயத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"உக்காரு."

நின்றேன். காது கேட்டது, முழங்கால் கேட்கவில்லை.

"உக்காரு மகளே. வேலையப் பத்திப் பேசணும்."

உட்கார்ந்தேன். நாற்காலியின் விளிம்பில் அல்ல. முழுவதுமாக, முதுகு பட. அந்த மரத்தின் குளிர்ச்சி இன்னும் என் முதுகில் இருக்கிறது. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் ஒருத்திதான். இந்தப் பக்கத்தில், என் அப்பாவும் அம்மாவும் அவர்களைப் பெற்றவர்களும் மொத்தமாக அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மாதம் வேலையில் சேரச் சொன்னார்.

வெளியே வந்தேன். வைத்த இடத்தில் சப்பாத்து இல்லை. படிக்குக் கீழே அப்பா குந்தியிருந்தார், சப்பாத்து மடியில். தலைத்துண்டின் நுனியால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன்னீங்க?"

"நீ கழட்டுறது அங்கருந்து தெரிஞ்சிச்சு. ஐயோ, மத்தவன் எல்லாம் போட்டுக்கிட்டுத்தானே போறான், இவ ஏன் கழட்டுறான்னு ஓடியாந்தேன். பியூன் உள்ள விடல. நான் இதக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்." மூச்சு வாங்கினார். வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா."

"உக்காந்தியா?"

"நல்லாச் சாஞ்சே உக்காந்தேன்."

அப்பா எழுந்தார். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. ஸ்டேசன் வரைக்கும் நடுத்தெருவில் என்னோடு தோளுக்குத் தோள் நடந்தார். டக், டக், டக். எதிரே வந்தவர்கள் வழி விட்டார்கள். விடாதவர்களையும் அப்பா விட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ரத்தோட்டையில் மலை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட அவரே வந்தார். தகரப் பெட்டியை மேலே ஏற்றினார். மேலே மலையைக் காணோம், வெறும் வெள்ளை. பஸ் உறுமியது. நான் ஜன்னலால் கையை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. எட்டி உள்ளே என் காலைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருங்கப்பா" என்றேன்.

பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நாலு எட்டு ஓடி வந்தார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டு:

"டீச்சரம்மா! உள்ள போறப்ப சப்பாத்தக் கழட்டிராத, என்னா!"