தண்ணீரா, தரையா?

என் வீட்டுக்காரருக்கு மீன் காட்சியகத்தில் இரண்டு வேலை. காலை ஆறிலிருந்து பத்து வரை பெரிய தொட்டிக்குள் முங்கிப் பாசி தேய்ப்பார். பத்து மணிக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு மீன்களைக் காட்டி விளக்கம் சொல்வார். இருபது வருஷமாக இதேதான். நான் அங்கேயே டிக்கெட் கொடுக்கிறவள். அவர் தலையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்தே மணி சொல்லிவிடுவேன்.

புதிதாக வந்த மேலாளருக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான். தண்ணியா, தரையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுங்க. இல்லேன்னா நானே ஒண்ணைப் பிடுங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் மனுஷன் சாப்பிடாமல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது ஒண்ணை எழுதிக் கொடுத்துத் தொலையுங்களேன்" என்றேன்.

"எதை விடச் சொல்றே? மஞ்சள் மீனுக்குத் துடுப்பு கிழிஞ்சிருக்குன்னு உள்ளே போனாத்தானே தெரியும்? தெரிஞ்சதை வெளியே வந்து நாலு பேர்கிட்ட சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வருமா?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்வேனா? "அப்போ ரெண்டும் வேணும்னே எழுதுங்க!" என்று கத்தினேன்.

எழுதினார். ஆனால் அவருக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு விதம். தொட்டிகளுக்கு மேலே தொங்கும் பலகைகளுக்கு வாசகம் எழுதுவதும் அவர்தானே! விண்ணப்பத்தையும் அதே மாதிரி எழுதி, பலகை வாசகங்களை வாங்கி அச்சுக்கு அனுப்பும் அதே குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டார். அந்தப் புண்ணியவானும் வழக்கம்போலப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தவளைக் கூடத்தில் புதுப் பலகை தொங்குகிறது:

"பெயர்: ஆம்பிபியன். பெயர்க்காரணம்: கிரேக்க மொழியில் ஆம்பி என்றால் இரண்டும், பியோஸ் என்றால் வாழ்வு. வாழிடம்: பத்து மணி வரை தண்ணீர், பிறகு தரை. உணவு: மனைவி திட்டிக்கொண்டே போடுவது. நிலை: மேலாளர் கையில்."

என் மானம் கப்பலேறியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஒரு சின்னப் பெண், "இது எந்தத் தொட்டியில இருக்கு?" என்று கேட்கிறது. சத்தம் கேட்டு மேலாளர் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நம்மாள் சொட்டச் சொட்ட உள்ளே நுழைகிறார்.

மேலாளர் ஒரு வரி விடாமல் படித்தார். "ஏன்யா, இந்தப் பேர் தவளைக் கூட்டத்துக்குத்தானே?"

"இப்பத்தான் சார் அப்படி. ஆதியில தண்ணியிலயும் தரையிலயும் பொழைக்கிற எல்லாத்துக்கும் இதுதான் பேர். முதலை, கடல்நாய்கூட இதுலதான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா வெளியே தள்ளிட்டாங்க." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "என்னையும் தள்ளிடாதீங்க சார்."

மேலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கடைசி வரியை அடித்துவிட்டு, "நிலை: பாதுகாக்கப்பட்டது" என்று எழுதினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பேனாவை வாங்கி, உணவு வரியில் 'திட்டிக்கொண்டே' என்பதை மட்டும் அடித்தேன். சாயங்காலம் வீட்டில் அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.