நிலாப் பதக்கத்தின் விளிம்பு

பொலிசிலிருந்து ஆள் வந்தபோது நான் கடையிலை ஒருத்தனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டன். பழைய வெள்ளிக் காசொண்டைப் பற்பசை போட்டுத் தேய்ச்சுக் கொண்டுவந்து விலை கேட்டான். காசு தேய்க்கிறவையை எனக்குக் கண்ணிலை காட்டக்கூடாது.

"ஐயா, பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. உங்கடை கடையிலை வாங்கினதெண்டு சொல்லுற ஒரு பதக்கத்தை அடையாளம் காட்டவேணும்" எண்டார் பொலிஸ்காரர்.

என்ன பதக்கம் எண்டு கேட்டன். "நிலாவிலை மனிசன் இறங்கிறது" எண்டார். கடையைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்.

யாழ்ப்பாணத்திலை பழைய காசும் பதக்கமும் வாங்கி விக்கிறது என்ரை தொழில். அதிலையும் ராக்கெட், நிலா, விண்வெளி வீரர் பொறிச்ச சாமான் தேடி வாறவை மெத்தக் குறைவு. ஒரு டாக்குத்தர், ரெண்டு வாத்திமார், பிறகு குருநகர் அன்ரன். அன்ரன் கடற்தொழிலாளி. வலையைப் போட்டிட்டு வள்ளத்திலை மல்லாந்து கிடந்தால் செயற்கைக்கோள் ஊர்ந்து போறது தெரியுமாம். அதிலை பிடிச்ச விசர். உழைக்கிறதிலை மிச்சம் பிடிச்சு ஒவ்வொண்டாச் சேர்த்தவன்.

ஒருநாள் நிலாப் பதக்கம் ரெண்டு வாங்கினான். ரெண்டும் வெண்கலம், ஒரே படம். ஒண்டு ஒரிஜினல், நிலாவுக்குப் போன காலத்திலை அடிச்சது. வயது போய்க் கபில நிறம் ஏறியிருந்தது, விளிம்பிலை அடிச்ச கம்பனியின்ரை சின்ன முத்திரை. மற்றது ரீஸ்ட்ரைக், பிறகு அதே மாதிரி அடிச்சது. பளிச்செண்ட மஞ்சள், விளிம்பு மொட்டை.

அடுத்தமுறை வரேக்கை ரீஸ்ட்ரைக்கிலை துளை போட்டு, நைலோன் கயிறு கோத்துக் கழுத்திலை போட்டிருந்தான்.

"ஒரிஜினல் எங்கையடா?"

"றொபினுக்குக் குடுத்திட்டன் அண்ணை. அதுக்கும் துளை போட்டு மாட்டியாச்சு." றொபின் அவனோடை ஒரே வள்ளத்திலை போற கூட்டாளி.

"உனக்கென்ன மூளை கழண்டுபோச்சோ? ஒரிஜினலிலை ஆரும் துளை போடுவினமோ? குடுக்கிறதெண்டால் இந்த மொட்டையைக் குடுத்திருக்கலாமே!"

"சும்மா போங்கோ அண்ணை. கூட்டாளிக்கு மொட்டையைக் குடுக்கிறதோ?" எண்டு சிரிச்சான். நான் அண்டைக்கு முழுக்க அவனை ஏசினன்.

மாரிக் காத்திலை அந்த வள்ளம் திரும்பேல்லை. கவிண்டு கிடந்த வள்ளத்தை மட்டும் கண்டெடுத்தினம். கனநாளுக்குப் பிறகு பருத்தித்துறைப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கிச்சு. முகம் இல்லை. ரெண்டு பெடியளும் ஒரே வயது, ஒரே உயரம். கழுத்திலை கயிறும் பதக்கமும் மட்டும். கொழும்புக்கு அனுப்பின டி.என்.ஏ. பரிசோதனை முடிவு எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாங்கிலை ரெண்டு தாய்மாரும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தினம். அன்ரனின்ரை தாய் பிலோமினா, றொபினின்ரை தாய் றீற்றா. தன்ரை பிள்ளையா இருக்கக்கூடாதெண்டுதான் ரெண்டு பேரும் செபிப்பினம் எண்டு நினைச்சுப் போனன். பிலோமினா என்ரை கையைப் பிடிச்சா.

"அண்ணை, என்ரை அன்ரன் எண்டு சொல்லுங்கோ. மெழுகுதிரி கொளுத்த ஒரு குழியாவது வேணும் எனக்கு."

றீற்றா என்ரை மற்றக் கையைப் பிடிச்சா. அவவும் அதைத்தான் கேக்கிறா எண்டு முகம் சொல்லிச்சு.

பொலிஸ்காரர் பதக்கத்தை என்ரை கையிலை வைச்சார். ஐயோ, தங்கம் மாதிரி மின்னுது! உடலைக் கண்டெடுத்த கடற்தொழிலாளியள் புளி போட்டுத் தேய்ச்சிருக்கினம். தாய்மாரின்ரை கையிலை களிம்போடை குடுக்கக்கூடாதாம். நல்ல மனம்தான். கபிலமோ மஞ்சளோ எண்டு ஒரு பார்வையிலை சொல்லியிருப்பன். அந்த நிறம் புளியோடை போயிட்டுது. இவையை நான் எப்பிடி ஏசுறது?

லென்சை எடுத்து விளிம்பைச் சுத்திப் பார்த்தன். துளைக்குக் கிட்ட, உப்புக்குள்ளை, முத்திரை கிடந்தது.

"ஒரிஜினல்" எண்டன்.

பிலோமினா மார்பிலை அடிச்சுக்கொண்டு எழும்பினா. "என்ரை ராசா! வந்திட்டியேடா!" விண்வெளிப் பதக்கம் சேர்க்கிறவன் அன்ரன்தான் எண்டு ஊருக்கே தெரியும். நல்ல பதக்கம் அவன்ரை கழுத்திலைதானே இருக்கும். பொலிஸ்காரரும் பேரை எழுதத் துவங்கிட்டார்.

"பொறுங்கோ தங்கச்சி" எண்டன். "நல்லதை அவன் றொபினுக்குக் குடுத்திட்டான். என்னட்டைச் சொன்னவன். இது றொபின்."

றீற்றா குழறினா. பிலோமினா அப்பிடியே வாங்கிலை இருந்திட்டா. என்னை நிமிந்து பார்த்து, "ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அண்ணை" எண்டா.

பேந்து வந்த பரிசோதனையும் றொபின் எண்டுதான் சொல்லிச்சு. அன்ரன் இன்னும் கிடைக்கேல்லை.

இந்தத் தொழிலுக்கு வாற இளம் ஆக்களுக்கு நான் சொல்லுறது ரெண்டு. படம் தேய்ஞ்சுபோனால் விளிம்பைப் பாருங்கோ. மற்றது, வாயைத் திறக்கமுன்னம் உங்களைக் கேக்கிறது ஆர் எண்டு பாருங்கோ. சொல்லுறதை ஒரே மூச்சிலை முழுதாச் சொல்லுங்கோ. நான் "ஒரிஜினல்" எண்டு சொல்லி மூச்சு விட்ட அந்த இடைவெளியிலை ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைச்சு, திரும்பவும் இல்லாமல் போச்சுது.

பிலோமினா இண்டைக்கும் என்னோடை கதைக்கிறேல்லை.