ருவாபெஹூ சரிவில் ஐந்து நிமிடச் சோதனை

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு குமாரின் கார் சான்ட்ரிங்ஹாமில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. செப்டம்பர் மாதம், ஆக்லாந்தில் வழக்கமான தூறல். பனிச்சறுக்கு மட்டைகளை முந்தின நாளே ஏற்றியாகிவிட்டது. பிரதான சாலைக் கடையில் ஆறு பரோட்டாவும் ஒரு டப்பா சால்னாவும் வாங்கினோம், இருபத்து மூன்று டாலர். "மலையில எதையாச்சும் வாங்கினா, அது மீட் பையா இருக்கும், இல்லன்னா சிப்ஸா இருக்கும்" என்றேன். குமார் கிள்ளானில் பிறந்த மலேசியத் தமிழர், முப்பத்து நான்கு வயது, மருத்துவமனையில் செவிலியர். "பசியாறிட்டுத்தான் வந்தேன்கா, ஆனா பரோட்டான்னா வேணாம்னு சொல்ல மாட்டேன் லா" என்றார்.

அங்கிருந்து பென்ரோஸ். தவமக்கா ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வயது அறுபத்தொன்று, என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒளிரும் மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டே காரில் ஏறினார். "ரெண்டு மணி எண்டு சொன்னனான். இப்ப ரெண்டு பத்து." அதுதான் அவருடைய வணக்கம்.

நாங்கள் போவது லிஃப்ட் ஏறி மேலே போய்ச் சறுக்கி இறங்கும் விளையாட்டுக்கு அல்ல. மட்டைகளின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டால் அது முன்னால் நகர விடும், பின்னால் வழுக்க விடாது. அதை வைத்து மணிக்கணக்கில் மலையை நடந்தே ஏறி, மேலே பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். நான்கு மணி நேர ஏற்றத்துக்கு அரை மணி நேர இறக்கம். இதில் என்ன சுகம் என்று என் கணவர் இருபது வருடமாகக் கேட்கிறார். நானும் இருபது வருடமாகப் பதில் சொல்லவில்லை.

தவமக்காவும் நானும் பதினான்கு வருடமாக மலையில் ஜோடி. குமாருக்கு இதுதான் எங்களோடு முதல் பயணம்.

டீ குய்ட்டியில் பெட்ரோல் போட்டபோது மணி நாலரை. டௌமருனுயியைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. முதன்முதலில் பனியை எங்கே பார்த்தேன் என்று குமார் கேட்டார். திருச்சியில் கல்லூரிப் படிப்பின்போது என்.சி.சி.யில் மணாலிக்கு மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு இருபத்தொரு வயது. அதுவரை குளிர் என்றால் மார்கழி விடியற்காலை என்று நினைத்திருந்தவள். என் கயிற்றின் மறுமுனையில் நாகாலாந்துப் பெண் ஒருத்தி. மூன்றாம் வாரம் பனிக்கு அடியிலிருந்த பிளவில் இடுப்பு வரை இறங்கிவிட்டாள். நான் குப்புற விழுந்து கோடரியைக் குத்திப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து மலையில் என்னை நம்பலாம் என்று எனக்கே ஒரு நினைப்பு. மீசப்புலிமலை, கர்வால், பிறகு இந்த நாட்டின் தென்தீவு என்று எங்கே போனாலும் அந்த நினைப்பும் கூடவே வந்தது.

"இவ இந்தக் கதையை ஒவ்வொரு வருசமும் சொல்லுவா" என்றார் தவமக்கா. "போன முறை அந்தப் பிள்ளை முழங்கால் வரைதான் விழுந்தவள்."

ஆறேகாலுக்கு நேஷனல் பார்க் என்ற சிற்றூரை அடைந்தோம். வீட்டிலிருந்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு அறுபத்தைந்து டாலருக்கு ஒரு படுக்கை. விடுதிக்காரர் உயரமான மனிதர், மரவெட்டுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். நாளைக் காலை தெளிவாக இருக்கும், மதியம் தெற்குக் காற்று, பனிச்சரிவு அபாயம் நடுத்தரம் என்று வாசித்துச் சொன்னார். பிறகு எங்கள் சால்னா டப்பாவை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். தவமக்கா அவருக்கும் ஒரு தட்டு வைத்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. சாலை முடியும் இடம், ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரம். மலை முழுதாகத் தெரிந்தது. ருவாபெஹூ உயிருள்ள எரிமலை, உச்சியில் வெந்நீர் ஏரி. உச்சியில் மனிதர்கள் ஏறி நிற்பது அந்த மண்ணின் மக்களுக்கு விருப்பமில்லை. அதனால் ஏரி கண்ணில் படும் விளிம்போடு நாங்கள் நின்றுவிடுவது வழக்கம்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பனிச்சரிவு யாரையாவது மூடிவிட்டால் மேலே இருப்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். உதவி வந்து சேருவதற்குள் மூச்சு நின்றுவிடும். அதற்காக ஒவ்வொருவரும் நெஞ்சில் பீக்கன் என்ற கருவியைக் கட்டிக்கொள்கிறோம். புதைந்தவரின் பீக்கன் சமிக்ஞை அனுப்பும், தேடுபவரின் பீக்கன் அம்புக்குறி காட்டும். பருவத்தின் முதல் பயணத்தில் ஒரு பழைய பீக்கனை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு தவமக்கா எங்காவது புதைப்பார். (அவர் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐஸ்கிரீம் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.) ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்து, மூன்று மீட்டர் மடக்குக் கோலை விரித்துக் குத்தித் தொட வேண்டும். தொடாதவர் அன்று மேலே போகக் கூடாது. ஒரே ஒரு வாய்ப்புதான். இந்த விதியைப் போட்டவள் நான்.

குமார் நாலு நிமிடம் ஐந்து விநாடியில் தொட்டார். தவமக்காவுக்கு நான் புதைத்தேன், மூன்று நிமிடம் பத்து விநாடி. அடுத்தது நான்.

அம்பு வலப்பக்கம் காட்டியது, போனேன். இடப்பக்கம் காட்டியது, திரும்பினேன். பன்னிரண்டு மீட்டர் என்றது, முப்பது என்றது, பிறகு ஒன்றுமே காட்டவில்லை. ஏழு நிமிடம் ஆனபோது குமார் மெதுவாக "அக்கா, டைம்" என்றார். எனக்குக் காது வரை சூடு ஏறியது.

தவமக்கா என் அருகில் வந்து கையைப் பார்த்தார். "உது என்ன கிளவுஸ்?"

"பொண்ணு வாங்கிக் கொடுத்தா. பேட்டரியில சூடாகும்."

"கழட்டும். பேட்டரியை இந்தக் கருவிக்குக் கிட்டக் கொண்டுவரக் கூடாது எண்டு பெட்டியிலயே எழுதியிருக்குமே. ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஆள் நீர்!"

பெட்டியைப் பிரித்ததும் கையேட்டைக் குப்பையில் போட்டவள் நான்.

"மிஷின் பிரச்சினைதானே கா, உங்க பிரச்சினை இல்ல. இன்னொரு வாட்டி பண்ணுங்க லா" என்றார் குமார். விதியைப் போட்டவள் என்ற முறையில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாதாரணக் கையுறையை எடுத்து வரக் காருக்குப் போனேன். அங்கே பிளாஸ்க்கிலிருந்து ஒரு குவளை தேநீர் ஊற்றி, இரண்டு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் நின்றேன். பிறகு வந்து தேடினேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. குமார் கை தட்டினார்.

அந்தத் தேநீர் குடிப்பதற்கு அல்ல. மூன்று வருடமாகக் குளிர் பட்டால் என் விரல்களில் ரத்தம் ஓடுவது நின்றுபோகிறது. மெழுகு போல வெளுத்து, மரத்து, ஒரு பொத்தானைக்கூடப் போட வராது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை தந்தார். மாத்திரையில் தலைவலிதான் வந்தது. கையுறையைச் சூடாக்கினால் பீக்கன் குழம்புகிறது, அணைத்தால் விரல் சாகிறது. இதை நான் தவமக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மலை கிடையாது என்று தெரியும்.

எட்டேகாலுக்கு ஏறத் தொடங்கினோம். லிஃப்ட் கம்பங்களை ஓரமாக விட்டு, பாறை வரிசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை. இரவில் உறைந்த பனி கரகரத்தது. தவமக்கா முன்னால், குமார் நடுவில், நான் பின்னால். பத்து மணிக்குப் பக்கத்து மலையான நௌருஹோயேயின் கூம்பு எங்களுக்கு வடக்கே முழுசாக வெளியே வந்தது. மேற்கே நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி டரனாகி மலை, மேகத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டு. குமார் படம் எடுத்தார். "எங்க அம்மா நம்ப மாட்டாங்க, நான் நடந்து ஏறினேன்னு." எனக்கு மூச்சு நன்றாக இருந்தது, காலும் நன்றாக இருந்தது. இதை எழுதியாக வேண்டும்: அந்த இரண்டு மணி நேரமும் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன்.

பத்தே முக்கால், சுமார் இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர். விடுதிக்காரர் சொன்ன தெற்குக் காற்று மதியம் வரை பொறுக்கவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன். மற்ற இருவருக்கும் தெரியாமல் கையுறையைக் கழற்றினேன். எட்டு விரல்கள் வெள்ளை. பையிலிருந்து மடக்குக் கோலை எடுத்து விரிக்கப் பார்த்தேன். அதன் நுனியிலிருக்கும் கயிற்றை இழுத்தால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பாதி பூட்டியது, பாதி சரிந்து பனியில் விழுந்தது. எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை.

பாறையைச் சுற்றி வந்தபோது தவமக்கா ஓர் அகலமான சரிவின் விளிம்பில் நின்றார். காற்று கொண்டுவந்து கொட்டிய புதுப்பனி அதன் மேல் மெத்தை போட்டிருந்தது. இப்படிப்பட்ட இடத்தை ஒருவர் ஒருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவர் போகும்போது மற்றவர்கள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"குமார், நீர் இங்கேயே நில்லும். மீனா பக்கத்தில இருக்கிறா, பயப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தவமக்கா பையின் வாரை இறுக்கினார். "மீனா, நீர் பாரும். நான் போறன்."

"அக்கா, நில்லுங்க."

"என்ன?"

"என்னால உங்கள தோண்டி எடுக்க முடியாது."

கையுறையைக் கழற்றிக் காட்டினேன். குமார்தான் முதலில் விரல்களைப் பிடித்துப் பார்த்தார், செவிலியர் அல்லவா. நகத்தை அழுத்தினார், நிறம் திரும்பவில்லை. "இது எவ்ளோ நாளா இருக்கு கா?"

"மூணு வருஷம்."

தவமக்கா என் விரல்களைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார், மேலே விளிம்பைப் பார்த்தார். இன்னும் முந்நூற்றைம்பது மீட்டர்தான். ஐந்து நிமிடம் போல நின்றார். பிறகு குனிந்து தன் மட்டையிலிருந்து பட்டையை உரித்தார்.

"குமாருக்கு இது முதல்தரம். அவரை மட்டும் நம்பி நான் போறதும் சரியில்லை, உம்மை நம்பி அவரை விடுறதும் சரியில்லை. இறங்குவம்."

என் பட்டைகளை உரித்தது குமார். என் காலணியைப் பூட்டியதும் குமார். இறக்கம் இருபத்தைந்து நிமிடம். பனி அருமையாக இருந்தது என்று குமார் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஏறிப் பார்க்கும் திட்டம் இருந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். டௌமருனுயியில் காபி, ஆறு டாலர் ஐம்பது. குமார் தனக்குத் தெரிந்த எல்லாக் கதைகளையும் சொல்லிப் பார்த்தார். ஹாமில்டன் வரை தவமக்கா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கோபமாகத் திட்டினால் தாங்கியிருப்பேன் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும், மன்னிப்புக்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது என்று தெரிந்து மூடிக்கொண்டேன்.

அதை அவரே கண்டுபிடித்தார். பாம்பே குன்றுகளில் சாலை ஏறி, ஆக்லாந்து தூரத்தில் தெரிந்தபோது மணி ஒன்று.

"போன செப்டம்பர்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "விளிம்புக்குப் போய்ட்டு வரேக்க, அந்தக் கிழக்குச் சரிவால நான் முதல் இறங்கினனான். நீர் மேல நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனீர். அண்டைக்கும் நல்ல குளிர்."

"ஆமாக்கா."

"அண்டைக்கும் விரல் இப்பிடித்தானே?"

"ஆமாக்கா. கக்கத்துல வச்சிக்கிட்டு நின்னேன்."

"வேற ஒருத்தரும் இல்லை. நாங்கள் ரெண்டு பேர்தான்."

"ஆமா."

அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். "அப்ப நான் தனியத்தான் இறங்கியிருக்கிறன்."

குமார் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் நல்ல சொல் தேடுவது ஏமாற்று.

ஆக்லாந்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்ன எரிமலைகள் இருக்கின்றன. எல்லாம் அணைந்து, புல் முளைத்து, மேலே மாடு மேய்கிற குன்றுகள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் மவுண்ட் ராஸ்கில். பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். அதில் ஏறுகிறவர் யாரையும் நம்பி ஏற வேண்டியதில்லை, தன்னை நம்பி யாரையும் கூட்டிப்போக வேண்டியதுமில்லை. அதனாலேயே இத்தனை வருடம் அதை ஒரு மலையாக நான் நினைத்ததில்லை. இனி எனக்கு அதுதான் மலை என்று நெடுஞ்சாலையிலிருந்து அதைப் பார்த்தபோது நினைத்தேன்.

ஹில்ஸ்பரோவில் தவமக்கா வீட்டு முன்னால் கார் நின்றது. குமார் இறங்கி மட்டைகளை எடுத்து வைத்தார். தவமக்கா சுற்றி வந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன்.

"கையைக் காட்டும்."

காட்டினேன். நான்கு மணி நேரம் கார் ஹீட்டரில் இருந்த கைகள். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் நல்ல சிவப்பாக, கதகதப்பாக இருந்தன.

"இப்ப வடிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.